குவெரி சரி, கோப்புதான் தகராறு: எக்ஸ்போர்ட்டில் வரும் வரி முடிவுக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

டேட்டாபேஸில் போட்ட குவெரியின் (தரவைக் கேட்கும் கட்டளையின்) விடை திரையில் ஒழுங்காக நிற்கிறது. அதையே டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து அடுத்த துறைக்கு அனுப்பினால், "உங்க ஃபைல் லோடு ஆகலைங்க" என்று பதில் வருகிறது. நெடுவரிசைகள் சரி, எழுத்துகள் சரி, கமாக்களும் சரி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத வரி முடிவை, அதாவது 'இந்த வரி இங்கே முடிகிறது' என்று கோப்பில் நிற்கும் மறைகுறியைத்தான்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றே: "டாஸ்2யூனிக்ஸ் போட்டுடுங்க." விண்டோஸ் பாணி வரி முடிவை யூனிக்ஸ் பாணியாக்கும் கருவி அது. சில நேரம் அது கேட்கும், சில நேரம் தரவையே கெடுத்துவிடும். வரி முடிவு மூன்று இடங்களில் ஒன்றில் தீர்மானமாகிறது. தரவுக்குள்ளேயே யாரோ எண்டர் தட்டியிருக்கலாம். எக்ஸ்போர்ட் கருவி பதிவின் இறுதியில் தன் வழக்கப்படி ஒன்றைப் போட்டிருக்கலாம். கோப்பு கைமாறும் வழியில் ஏதோ ஒரு மென்பொருள் உதவி செய்வதாக நினைத்து மாற்றியிருக்கலாம். எந்த இடம் என்று கண்டுபிடிக்காமல் கடைசிக் கோப்பைத் துடைத்தால் அடுத்த எக்ஸ்போர்ட்டில் அதே கோளாறு மறுபடி வந்து நிற்கும். பிறந்த இடத்தில் திருத்துவதுதான் திருத்தம். கீழே அறிகுறியிலிருந்து தொடங்கி அந்த இடத்துக்குப் போவோம். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுமுன் பைட்டைப் பாருங்கள்

இரண்டே எழுத்துகள்தான் விவகாரம். எண் 13, கேரேஜ் ரிட்டர்ன், சுருக்கமாக சிஆர், ஹெக்ஸில் (பதினாறின் அடிமான எண்முறையில்) 0டி. எண் 10, லைன் ஃபீட், எல்எஃப், ஹெக்ஸில் 0ஏ. டெலிடைப் காலத்தில் அச்சுத் தலையை இடப்பக்கம் கொண்டுவருவது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலேற்றுவது இன்னொரு வேலை. அதனால் இரண்டு எழுத்து. யூனிக்ஸ் வழிவந்தவை 10 மட்டும் போதும் என்றன. டாஸும் விண்டோஸும் 13, 10 இரண்டையும் வைத்துக்கொண்டன. மேக் ஓஎஸ் 9 வரையிலான பழைய மேக் 13 மட்டும் போட்டது. ஓஎஸ் எக்ஸ் வந்தபின் அதுவும் 10-க்கு மாறிவிட்டது.

லினக்ஸில் 'ஓடி மைனஸ் சி' கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும். 'கேட்' கட்டளையோடு பெரிய 'ஏ' தேர்வைக் கொடுத்தால் வரி முடிவில் டாலர் குறி வரும். அதற்கு முன் கூரைக்குறியும் 'எம்'மும் சேர்ந்து வந்தால் 13 இருக்கிறது. விண்டோஸில் பவர்ஷெல்லின் 'ஃபார்மேட்-ஹெக்ஸ்' போதும். 'ஃபைல்' கட்டளையும் சொல்லும், ஆனால் அது கோப்பின் தொடக்கப் பகுதியைப் பார்த்துச் சொல்வது. பெரிய கோப்பின் நடுவே கலப்பு இருந்தால் தப்பிவிடும். ஆகவே எண்ணிப் பாருங்கள்: வரி இறுதியில் 13 உள்ள வரிகள் எத்தனை என்று 'கிரெப் மைனஸ் சி'யில், மொத்த வரிகள் எத்தனை என்று 'டபிள்யூசி மைனஸ் எல்'லில். இரண்டும் சமமானால் முழுவதும் விண்டோஸ் பாணி. முதலாவது சுழியம் என்றால் யூனிக்ஸ் பாணி. நடுவே ஏதாவது வந்தால் கலப்பு, அதைப் பிறகு பார்ப்போம்.

எக்ஸலில் திறந்து சோதிக்காதீர்கள். அது எல்லா முடிவுகளையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, சேமிக்கும்போது தன் பாணியில் எழுதிவிடும். தடயம் அதோடு அழிந்தது.

அறிகுறி: கோப்பு முழுவதும் ஒரே நீள வரியாகத் தெரிகிறது

பார்ப்பது பழைய நோட்பேடா என்று கேளுங்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு 2018-இல் வரும்வரை நோட்பேட் 13-10 ஜோடியை மட்டுமே வரி முடிவாக மதித்தது. விண்டோஸ் சர்வர் 2016 அதற்கு முந்தைய அடித்தளத்தில் அமைந்தது என்பதால் அந்த சர்வர்களில் இன்றும் இதே காட்சிதான். அப்படியானால் கோப்பில் குறையில்லை. வேறு எடிட்டரில் திறந்தால் முடிந்தது.

ஆனால் பெறுகிற மென்பொருளே 13-10 கேட்கிறது என்றால் எக்ஸ்போர்ட்டில் மாற்ற வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 'செலக்ட் இன்டூ அவுட்ஃபைல்' இயல்பாக 10 மட்டும் போடும். 'லைன்ஸ் டெர்மினேட்டட் பை' என்று சேர்த்து பேக்ஸ்லாஷ்-ஆர், பேக்ஸ்லாஷ்-என் இரண்டையும் கொடுங்கள். முதல்முறை செய்பவர்கள் வேறு இரண்டு இடத்தில் தடுக்குவார்கள்: கோப்பு உங்கள் கணினியில் அல்ல, சர்வரில் உருவாகும், அதுவும் 'செக்யூர் ஃபைல் பிரிவ்' என்ற சர்வர் அமைப்பு அனுமதிக்கும் அடைவில் மட்டும் (இல்லையேல் பிழை 1290). ஏற்கெனவே அதே பெயரில் கோப்பு இருந்தால் மேலெழுதாது, பிழை 1086 தரும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 'காப்பி' கட்டளையில் வரி முடிவைத் தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லை. சர்வரில் கோப்பு எழுதாமல் கிளையன்ட்டுக்கே வெளியீட்டை அனுப்பும் 'காப்பி டு எஸ்டிடிஅவுட்' எப்போதும் 10 மட்டும் அனுப்பும். வெளியே வந்தபின், 10-ஐ 13-10 ஆக்கும் 'யூனிக்ஸ்2டாஸ்' வழியாக அனுப்புவதுதான் நேர்வழி. கடைசியில் துடைக்காதே என்று சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரண் போலத் தோன்றும். இங்கே வருவது என்ன பாணி என்பது உறுதியாகத் தெரியும், மாற்றமும் எக்ஸ்போர்ட் ஸ்கிரிப்ட்டின் பகுதியாகவே நிற்கிறது, எனவே இது வேறு.

அறிகுறி: ஒவ்வொரு பதிவுக்கும் நடுவே ஒரு வெற்று வரி

பைட்டைப் பாருங்கள். 13, 13, 10 என்று மூன்று இருந்தால் குற்றவாளி அநேகமாகப் பைத்தான் ஸ்கிரிப்ட், அதுவும் விண்டோஸில் ஓடியது. பைத்தானின் சிஎஸ்வி (கமாவால் பிரித்த கோப்பு) மாட்யூல் தானாகவே 13-10 எழுதுகிறது. கோப்பை டெக்ஸ்ட் முறையில் திறந்திருந்தால் விண்டோஸ் பக்கம் ஒவ்வொரு 10-க்கும் முன்னால் இன்னொரு 13-ஐச் சேர்க்கிறது. கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்' அழைப்பில் 'நியூலைன்' என்ற அளவுருவுக்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் இந்த இரண்டாவது கை விலகிவிடும். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் 'டு சிஎஸ்வி'க்கு கோப்பின் பாதையைக் கொடுத்தால் சிக்கலில்லை. நீங்களே திறந்த கோப்பைக் கொடுத்தால் அதே விதிதான். முடிவை நீங்களே குறிப்பிட விரும்பினால் 'லைன்டெர்மினேட்டர்' அளவுரு இருக்கிறது. 1.5 பதிப்புக்கு முன் இந்தப் பெயரின் நடுவே ஓர் அடிக்கோடு இருந்தது. பழைய ஸ்கிரிப்ட் புதிய பதிப்பில் உடைந்தால் அங்கே பாருங்கள்.

ஏற்கெனவே 13-10 உள்ள கோப்பின் ஒவ்வொரு வரி இறுதியிலும் லினக்ஸின் 'செட்' (எஸ்-ஈ-டி) கருவி கொண்டு மேலும் ஒரு 13-ஐ ஒட்டினாலும் இதே மூன்று பைட் வரும். 'யூனிக்ஸ்2டாஸ்' இருக்கிற ஜோடியை மதித்து விட்டுவிடும், கைவைத்தியமாக எழுதிய ஒருவரி ஸ்கிரிப்ட் அப்படிச் செய்யாது.

வெற்று வரி எல்லாப் பதிவுக்கும் இல்லை, சில பதிவுகளுக்குப் பின் மட்டும் என்றால் கதை வேறு. ஆரக்கிள் டேட்டாபேஸின் கட்டளைவரிக் கருவியான எஸ்கியூஎல் பிளஸ், மடிந்து அடுத்த வரிக்குப் போன பதிவுகளுக்குப் பின் மட்டும் ஒரு வெற்று வரியைப் போடும். 'செட் ரெக்செப் ஆஃப்' என்றால் நின்றுவிடும். கூடவே சில வரிகளுக்கு ஒருமுறை நெடுவரிசைத் தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? பக்க நீளம் இயல்பாக 14 வரி. 'செட் பேஜ்சைஸ் 0' கொடுங்கள். தலைப்பும் சேர்ந்து போகும், அது வேண்டுமென்றால் தனியாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி: கடைசி நெடுவரிசை மட்டும் எதனோடும் பொருந்த மறுக்கிறது

மாவட்டம் கடைசி நெடுவரிசை. 'மதுரை' என்று கண்ணுக்குத் தெரிகிறது, 'மதுரை' என்று தேடினால் கிடைக்கவில்லை. வேறோர் அட்டவணையோடு ஜாயின் போட்டால் (இணைத்தால்) சுழியம் பதிவு. மற்ற நெடுவரிசைகள் எல்லாம் ஒழுங்கு. இது அச்சு அசலாக ஒட்டிக்கொண்ட 13-இன் வேலை. கோப்பு 13-10 பாணியில் இருக்க, படித்தவர் 10-ஐ மட்டும் முடிவாக எடுத்துக்கொண்டார். மிச்சமான 13 கடைசி மதிப்பின் வாலில் சேர்ந்துகொண்டது.

உறுதிசெய்ய, மதிப்பை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து டெர்மினலில் அச்சிடுங்கள். மூடும் மேற்கோள் வரியின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்தால் ஐயமே வேண்டாம். 13 கர்சரை இடப்பக்கம் இழுத்துவிட்டது. மைஎஸ்கியூஎல் திரையில் அட்டவணையின் வலப்புறக் கோடுகள் கலைந்து தெரிவதும் அதனால்தான். 'ஹெக்ஸ்' ஃபங்ஷனில் கொடுத்தால் வாலில் 0டி தெரியும். 'டிரிம்' போட்டுப் பார்த்தேன், போகவில்லை என்பார்கள். இயல்பான டிரிம் இடைவெளியை மட்டும்தான் நறுக்கும், 13-ஐத் தொடாது.

மைஎஸ்கியூஎல்லில் 'லோடு டேட்டா'வுக்கு 'லைன்ஸ் டெர்மினேட்டட் பை' கொடுத்து ஜோடியைச் சொல்லி மறுபடி ஏற்றுங்கள். மறுபடி ஏற்ற வழியில்லை என்றால் 'டிரிம் டிரெய்லிங்' என்று சொல்லி, எதை நறுக்க வேண்டும் என்ற இடத்தில் பேக்ஸ்லாஷ்-ஆர் கொடுத்து அப்டேட் செய்யலாம். தலைப்பு வரியையும் மறக்காதீர்கள். ஸ்கிரிப்ட் ஒன்று தலைப்பைச் சாவியாக வைத்துப் படிக்கிறது என்றால், கடைசித் தலைப்பின் பெயரிலும் 13 ஒட்டியிருக்கும். 'அப்படி ஒரு சாவி இல்லை' என்று பிழை வரும், பெயரோ கண்முன்னே இருக்கும்.

"எங்க செட்டப்ல விண்டோஸே கிடையாது, அப்புறம் 13 எப்படி வந்தது?" என்ற கேள்விக்கு இரண்டு விடை உண்டு. சிஎஸ்வி வடிவை விவரிக்கும் பொது ஆவணமான ஆர்எஃப்சி 4180, 2005-இல் வந்தது, பதிவுகள் 13-10 ஜோடியில் முடியும் என்கிறது. இதே பாணியைச் சில கருவிகள் எந்த இயங்குதளத்திலும் பின்பற்றுகின்றன. மேலே சொன்ன பைத்தான் சிஎஸ்வி மாட்யூல் ஒன்று. எஸ்கியூலைட்டின் கட்டளைக் கருவியில் 'டாட் மோடு சிஎஸ்வி' போட்டால் லினக்ஸிலும் 13-10 வந்து நிற்பது நீண்டநாள் வழக்கம். அதற்குப் பின்னால் 'டாட் செப்பரேட்டர்' கட்டளையில் முதலில் கமாவும் இரண்டாவதாக பேக்ஸ்லாஷ்-என்னும் கொடுங்கள். வரிசை முக்கியம்: மோடைப் பின்னால் போட்டால் அது பிரிப்பானைத் திரும்பத் தன்னிஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

அறிகுறி: ஒரு பதிவு இரண்டு மூன்று வரியாக உடைகிறது

இங்கேதான் நிதானம் தேவை. இதுவரை பார்த்தவை பதிவின் இறுதியைப் பற்றியவை; இது பெரும்பாலும் பதிவின் உள்ளே இருப்பதைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு 13-ஐயும் 10-ஐயும் கோப்பு முழுக்க நீக்கப்போய்த் தரவை இழந்தவர்கள் அநேகம்.

முதல் கேள்வி: உடைப்பு எப்போதும் ஒரே அகலத்தில் நடக்கிறதா? ஆம் என்றால் தரவைக் குறைசொல்ல வேண்டாம், எஸ்கியூஎல் பிளஸ்தான். அதன் 'லைன்சைஸ்' இயல்பாக 80. அதைத் தாண்டிய பதிவை மடித்துப் போடும். லைன்சைஸைப் பதிவின் முழு அகலத்துக்கு, தேவையானால் 32767 வரை, ஏற்றுங்கள். கூடவே 'டிரிம்ஸ்பூல் ஆன்' போடாவிட்டால் ஒவ்வொரு வரியின் வாலிலும் அத்தனை இடைவெளி நிரம்பிக் கோப்பு ஊதிப்போகும். 12.2 பதிப்பிலிருந்து 'செட் மார்க்கப் சிஎஸ்வி ஆன்' வந்துவிட்டது. புதிதாக எழுதுகிற ஸ்கிரிப்ட்டில் பழைய வித்தைகளை விட்டு இதையே பயன்படுத்துவேன். நீண்ட உரைக்கான சிஎல்ஓபி வகை நெடுவரிசை 80 எழுத்தோடு நின்றுபோனால் அது வரி முடிவுச் சிக்கல் அல்ல, 'செட் லாங்' அளவு.

அகலம் பதிவுக்குப் பதிவு வேறுபட்டால் தரவுக்குள் எண்டர் இருக்கிறது. முகவரி, குறிப்பு, புகார் விவரம் போன்ற நெடுவரிசைகளை முதலில் சந்தேகியுங்கள். எங்கிருந்து வந்தது என்பதைப் பைட்டே ஓரளவு சொல்லிவிடும். இணையப் படிவத்தின் பெரிய உரைப்பெட்டியில் தட்டிய எண்டர், படிவம் அனுப்பப்படும்போது 13-10 ஆகப் போகும். எக்ஸல் கட்டத்தில் ஆல்ட்-எண்டர் தட்டினால் 10 மட்டும். பாதி ஊழியர் இணையத்திலும் பாதி ஊழியர் எக்ஸலிலும் நிரப்பிய ஒரு நெடுவரிசையில் இரண்டுமே கலந்து கிடக்கும்.

எத்தனை பதிவுகள் என்று குவெரியிலேயே எண்ணுங்கள்: அந்த நெடுவரிசையில் எண் 10 எழுத்தோ 13 எழுத்தோ இருக்கிறதா என்று 'லைக்' கொண்டு கேட்கலாம். எழுத்தைத் தரும் ஃபங்ஷன் ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் 'சிஎச்ஆர்', எஸ்கியூஎல் சர்வரிலும் மைஎஸ்கியூஎல்லிலும் 'சார்'.

பிறகு பெறுகிறவர் எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்துத் தீர்வு. அவர் உண்மையான சிஎஸ்வி பார்சர் (சிஎஸ்வி விதிப்படி படிக்கும் நிரல்) வைத்திருந்தால் ஒன்றும் மாற்ற வேண்டாம். மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் எண்டர் தரவின் பகுதி என்று அதற்குத் தெரியும். போஸ்ட்கிரெஸின் சிஎஸ்வி வடிவம் அப்படியே மேற்கோளிட்டுத் தரும். வரி எண்ணிக்கையும் பதிவு எண்ணிக்கையும் சமமாக இராது என்பதை மட்டும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் 'டபிள்யூசி'யில் எண்ணிப் பார்த்துவிட்டு உங்களைத்தான் அழைப்பார்.

அவர் வரிவரியாகப் படித்துக் கமாவில் வெட்டுகிற ஸ்கிரிப்ட் வைத்திருந்தால், குவெரியிலேயே 'ரீப்ளேஸ்' போட்டு இடைவெளியாக மாற்றுங்கள். முதலில் 13-10 ஜோடியை ஓர் இடைவெளியாக, அப்புறம் தனித்த 13-ஐ, அப்புறம் தனித்த 10-ஐ. தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு எண்டரும் இரண்டு இடைவெளியாகும். முகவரியில் இது பரவாயில்லை. மருத்துவக் குறிப்பிலோ ஒப்பந்த வாசகத்திலோ பத்திப் பிரிவே பொருள் தாங்கும் என்பதால் அங்கே இந்த வழியைத் தவிர்ப்பேன்.

மூன்றாவது வழி எஸ்கேப், அதாவது சிக்கலான எழுத்தை வேறு குறியாக எழுதுவது. போஸ்ட்கிரெஸின் டெக்ஸ்ட் வடிவம் எண்டரை பேக்ஸ்லாஷ்-என் என்ற இரண்டு எழுத்தாக எழுதும். மைஎஸ்கியூஎல் கிளையன்ட்டை 'பேட்ச்' முறையில் ஓட்டினாலும் அதே. "கோப்பில் எங்கே பார்த்தாலும் பேக்ஸ்லாஷ்-என் கிடக்கிறதே" என்பதும் ஒரு தனி அறிகுறியாகவே வரும்; அது பிழையல்ல, பாதுகாப்பு. 'ரா' தேர்வு போட்டு அதை அணைத்தால் உள் எண்டர்கள் அப்படியே வெளிவந்து பதிவை உடைக்கும்.

எஸ்கியூஎல் சர்வரில் தரவை மொத்தமாக எடுக்கவும் ஏற்றவும் உதவும் பிசிபி கருவிக்கு மேற்கோளும் தெரியாது, எஸ்கேப்பும் தெரியாது. நெடுவரிசைப் பிரிப்பான், பதிவுப் பிரிப்பான், அவ்வளவே. எனவே தரவில் வரவே வராத எழுத்தைப் பிரிப்பானாக வைக்க வேண்டும். அதற்கென்றே ஆஸ்கி அட்டவணையில் 28 முதல் 31 வரை நான்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 30 பதிவுக்கு, 31 புலத்துக்கு. பலரும் மறந்துபோன இந்த இரண்டையும் 'மைனஸ் டி', 'மைனஸ் ஆர்' தேர்வுகளில் ஹெக்ஸாகக் கொடுத்தால் எண்டர், கமா, டேப் எதுவும் தொல்லை தராது. பெறுகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம்.

எஸ்கியூஎல் சர்வரின் திரைக் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் இதற்கு நேர்மாறான புகார் வரும்: "தரவில் எண்டர் இருக்கிறது, கிரிட்டிலிருந்து நகலெடுத்தால் காணோம்." 2016 பதிப்பிலிருந்து, காப்பி செய்யும்போதும் சேமிக்கும்போதும் சிஆர்எல்எஃப்-ஐ வைத்துக்கொள்ளும் தேர்வு ஒன்று ஆப்ஷன்ஸில் 'ரிசல்ட்ஸ் டு கிரிட்' பக்கத்தில் இருக்கிறது. இயல்பாக அது அணைந்திருக்கும், எண்டர்கள் இடைவெளியாகிவிடும். தேர்வை மாற்றியபின் புதிய குவெரி ஜன்னல் திறந்தால்தான் பலிக்கும்.

அறிகுறி: அதே குவெரி, இரண்டு சர்வரில் இரண்டு விதக் கோப்பு

போஸ்ட்கிரெஸில் 'காப்பி டு' சர்வரிலுள்ள கோப்புக்கு நேராக எழுதினால், சர்வர் விண்டோஸ் என்றால் 13-10, மற்றதில் 10. 'எஸ்டிடிஅவுட்'டுக்கு எழுதினால் எங்கும் 10. போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லின் 'சிஎஸ்வி' வெளியீடோ, 12ஆம் பதிப்பில் வந்தது, கிளையன்ட் ஓடும் கணினியின் வழக்கத்தைப் பின்பற்றும். டெவலப்பர் மடிக்கணினி விண்டோஸ், தயாரிப்புச் சூழல் லினக்ஸ் என்றால் சோதனையில் தேறியது அங்கே விழும். எல்லாச் சூழலிலும் எஸ்டிடிஅவுட் வழியை எடுங்கள்.

ஆரக்கிளின் 'யூடிஎல் ஃபைல்' தொகுப்பில் 'புட் லைன்' டேட்டாபேஸ் சர்வரின் இயங்குதள முடிவைப் போடும். லினக்ஸ் சர்வரிலிருந்து 13-10 வேண்டுமென்றால் வரியின் வாலில் 'சிஎச்ஆர் 13'-ஐ நீங்களே ஒட்டுங்கள். விண்டோஸ் சர்வரிலிருந்து 10 மட்டும் வேண்டுமென்றால் கோப்பைப் பைனரியாக எழுதும் முறையில் திறந்து 'புட் ரா'வால் எழுத வேண்டும். வரி நீளம் இயல்பாக 1024 பைட். அதைத் தாண்டினால் பிழை. திறக்கும்போதே 32767 கொடுத்துவிடுவது நல்லது.

பிசிபி-யில் 'மைனஸ் ஆர்' தேர்வுக்கு பேக்ஸ்லாஷ்-என் கொடுத்தால் 10 மட்டும் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். அது தானாக முன்னால் ஒரு 13 சேர்த்துக்கொள்ளும். 10 மட்டும் வேண்டுமானால் ஹெக்ஸில் சொல்லுங்கள்: சுழியம், எக்ஸ், சுழியம், ஏ. கோப்பை ஏற்றும் 'பல்க் இன்சர்ட்' கட்டளையின் 'ரோ டெர்மினேட்டர்' பகுதியிலும் இதே குணம். லினக்ஸில் பிறந்த கோப்பைப் பேக்ஸ்லாஷ்-என் சொல்லி ஏற்றினால் அது கிடைக்காத ஜோடியைத் தேடிக்கொண்டே போகும். கோப்பு முழுவதும் முதல் பதிவாகிப் பிழை 4866, நெடுவரிசை மிக நீளம் என்று வரும். அந்தச் செய்தியைப் பார்த்து நெடுவரிசையின் அகலத்தைக் கூட்டிக்கொண்டிருப்பது வீண். ஹெக்ஸில் கொடுத்தால் சரியாகிவிடும்.

அறிகுறி: பாதிவரை ஏறிவிட்டு, 'கேரேஜ் ரிட்டர்ன் கண்டேன்' என்று நிற்கிறது

போஸ்ட்கிரெஸின் 'காப்பி ஃப்ரம்' 10, 13, ஜோடி மூன்றையும் ஏற்கும்; ஆனால் ஒரு கோப்பு முழுக்க ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். முதலில் கண்டதை வைத்துக்கொண்டு, பிறகு வேறொன்று வந்தால் நிறுத்திவிடும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும், கலப்புக் கோப்பை அமைதியாக விழுங்கித் தரவைக் கெடுப்பதைவிட இது மேல். பிழைச் செய்தியில் வரி எண் இருக்கும், அந்த வரியைச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தலைப்பு வரியை ஷெல் ஸ்கிரிப்ட் 'எக்கோ' செய்திருக்கும், உடலை வேறு கருவி எழுதியிருக்கும். அல்லது இரண்டு கிளைகளின் கோப்புகளை 'கேட்' கொண்டு இணைத்திருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் மேற்கோளிடாத புலத்துக்குள் எண்டர். முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: 13-ஐ நீக்கியதும் ஒரு வரி விட்டு ஒரு வரி சீன எழுத்தாகிறது

கோப்பு யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது. தமிழ்த் தரவு கேள்விக்குறியாக வருகிறதே என்று பிசிபி-யில் 'மைனஸ் டபிள்யூ' போட்டிருப்பார்கள், அதன் விளைவு. அதில் ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது இரண்டு பைட், வரி முடிவு 0டி 00 0ஏ 00. 'டிஆர்' கட்டளை 0டி-யை மட்டும் பிடுங்கினால் இரண்டிரண்டாக எண்ணும் கணக்கு ஒரு பைட் நகர்ந்து அடுத்த வரி குலையும். அதற்கடுத்த வரியில் இன்னொன்று பிடுங்கப்பட்டதும் கணக்கு மறுபடி நேராகும். அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்று.

தமிழ் மட்டும் உள்ள கோப்புக்கு இதோடு போயிற்று. நம் யூனிகோட் தொகுதியின் மேல் பைட் 0பி. மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் அது 0டி, அதாவது ஒவ்வொரு எழுத்திலும் ஒரு 13. இலங்கை அலுவலகக் கோப்பில் தமிழும் சிங்களமும் இருந்தால், 13-ஐ நீக்கும் கட்டளை ஒவ்வொரு சிங்கள எழுத்தையும் பாதியாக வெட்டும். குஜராத்திக்கும் பஞ்சாபியின் குர்முகிக்கும் மேல் பைட் 0ஏ. அங்கே 'டபிள்யூசி' ஒவ்வொரு எழுத்தையும் ஒரு வரியாக எண்ணும்.

முதலில் குறியாக்கம் மாற்றும் 'ஐகான்வ்' கட்டளை கொண்டு யூடிஎஃப்-8 ஆக்குங்கள், பிறகுதான் வரி முடிவு. யூடிஎஃப்-8-இல் ஆங்கிலம் தாண்டிய எழுத்துகளின் எல்லாப் பைட்டும் 128-உம் அதற்கு மேலும்தான், எனவே 13-உம் 10-உம் எழுத்துக்குள் ஒளிந்திருக்க வழியில்லை. எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் பிசிபி-க்கு பெரிய எழுத்து 'மைனஸ் சி'யோடு கோடுபேஜ் 65001 கொடுத்து நேராகவே யூடிஎஃப்-8 எடுக்கலாம்.

அறிகுறி: கடைசிப் பதிவு காணோம், அல்லது கூடுதலாக ஏதோ இருக்கிறது

கடைசி வரிக்குப் பின் 10 இல்லாவிட்டால் 'டபிள்யூசி' ஒன்று குறைத்துச் சொல்லும். பாஷ் ஸ்கிரிப்ட்டின் 'வைல் ரீட்' சுற்று அந்தப் பதிவைக் கையாளாமலே முடியும். 'டெய்ல் மைனஸ் சி 1' கடைசிப் பைட்டைக் காட்டிவிடும். ஆர்எஃப்சி 4180 கடைசி வரி முடிவை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று விட்டுவிட்டதால் யாரையும் குறைசொல்ல முடியாது. எக்ஸ்போர்ட் பக்கம் எப்போதும் போட்டுவிடுங்கள். கூடுதல் வரி என்றால் அது பெரும்பாலும் 'இத்தனை பதிவுகள்' என்ற செய்தி. எஸ்கியூஎல் பிளஸில் 'ஃபீட்பேக் ஆஃப்', எஸ்கியூஎல் சர்வரில் 'நோகவுன்ட் ஆன்'.

அறிகுறி: சர்வரில் சரி, போய்ச் சேர்ந்த இடத்தில் தப்பு

இரண்டு இடத்திலும் கோப்பின் அளவைப் பைட்டில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரிகளின் எண்ணிக்கைக்குச் சமமா? வழியில் யாரோ 13-ஐச் சேர்த்தோ நீக்கியோ இருக்கிறார்கள். கோப்பு அனுப்பும் எஃப்டிபி-யின் ஆஸ்கி முறைக்கு அதுதான் வேலையே, விண்டோஸின் பழைய கட்டளைவரி எஃப்டிபி தொடங்குவதும் அந்த முறையில்தான். 'பைனரி' என்று தட்டிவிட்டு அனுப்புங்கள். கோப்பு கிட் (நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) களஞ்சியம் வழியாகப் போகிறதென்றால், வரி முடிவைத் தானாக மாற்றும் அதன் 'ஆட்டோசிஆர்எல்எஃப்' அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் அந்த வகைக் கோப்புகளுக்கு 'மைனஸ் டெக்ஸ்ட்' என்று எழுதிவிட்டால் கிட் கைவைக்காது.

அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தால் விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இன் '>' குறி. அது வெளியீட்டை வரிகளாகப் பிரித்து, 13-10 போட்டுச் சேர்த்து, யூடிஎஃப்-16-இல் எழுதும். தமிழ் இருந்தால் அதற்கு முன்பே கன்சோலின் கோடுபேஜில் சிதைந்திருக்கக்கூடும். கருவியின் சொந்த வெளியீட்டுத் தேர்வைப் பயன்படுத்துங்கள், எஸ்கியூஎல்சிஎம்டி-யில் 'மைனஸ் ஓ' போல. முடியாவிட்டால் பழைய கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டுங்கள். அங்கே '>' பைட்டை அப்படியே விடும். பவர்ஷெல் 7.4-இலிருந்து வெளிக் கட்டளைகளின் வெளியீடும் அப்படியே போகிறது.

அனுப்பும் கோப்போடு ஒரு எஸ்எச்ஏ-256 செக்சம்மையும் (கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) சேர்த்து அனுப்பினால், "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு" என்ற வாக்குவாதம் தொடங்குமுன்பே கோப்பு வழியில் மாறியதா இல்லையா என்று பெறுகிறவரே பார்த்துக்கொள்வார்.